பெயர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை

லாத்வியாவில் எங்கள் சிற்றூர் லீப்சாலாவில் யாருக்குப் பெயர் நாள் வந்தாலும், அதாவது நாட்காட்டியில் அவர் பெயர் போட்ட தேதி வந்தாலும், முதல் ஆளாகப் போய் அழைப்பு மணியை அடிப்பவள் விஸ்மா க்ரௌக்லே. நாங்களெல்லாம் வேலை முடிந்து சாயங்காலம் மெதுவாகக் கிளம்புவோம். அவள் மதியம் மூன்று மணிக்கே போய்விடுவாள். வீட்டுக்காரி தலைகூடச் சீவியிருக்க மாட்டாள், அடுப்பிலிருந்து எடுத்த இனிப்பு ரொட்டி ஆறியிருக்காது, இவள் மூன்று பூவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பாள். உள்ளே விட்டால் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த விருந்தாளி வரும்வரை அசைய மாட்டாள். போன மாதம் தபால்காரர் எவால்ட்ஸ் வெறும் பனியனோடு கதவைத் திறந்துவிட்டு, சட்டையைத் தேடி உள்ளே ஓடினாராம். ஊரில் அவளுக்கு அலாரம் கடிகாரம் என்று பட்டப்பெயர். அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த மே மாதம் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் என்பதும் தெரியும். அதனால் நான் சிரிப்பதில்லை.

என் பெயர் மாருதா. ஊர் மருத்துவமனையில் சீட்டுப் பதிகிற கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவள். விஸ்மாவும் நானும் ஒரே பெஞ்சில் படித்தோம். அவள் படித்து பூகோள ஆசிரியையானாள். இருபத்தெட்டு வருடம் கௌயா நதி எங்கே வளைகிறது, எங்கே நிமிர்கிறது என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டினாள். அவள் புருஷன் அயர்லாந்தில் காளான் பண்ணைக்கு வேலைக்குப் போனவன். முதலில் மாதம் தவறாமல் கடிதம் வந்தது, பிறகு கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை வந்தது, பிறகு அதுவும் நின்றது. மகள் சனிதாவைத் தனி ஆளாக வளர்த்தாள். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தையே மூடியபோது விஸ்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது.

அப்போதுதான் ஊராட்சி அலுவலகத்தில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து எங்கள் பக்கம் வேலைக்கு வருகிற பொறியாளர், மருத்துவர் போன்றவர்களுக்கு லாத்வியாவைப் பற்றிய அடிப்படைத் தகவல்களைச் சொல்லிக்கொடுப்பது. செவ்வாய்க்கிழமை தோறும் நூலகத்தின் மாடியில் வகுப்பு. பதினாறு பக்கத்தில் ஒரு சிறு புத்தகமும் அவளே எழுதினாள். நாட்டின் பரப்பு அறுபத்து நாலாயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர். பாதிக்கு மேல் காடு. ஜனங்கள் இருபது லட்சத்துக்கும் குறைவு. இதெல்லாம் முதல் பக்கம். மீதியெல்லாம் எங்களைப் பற்றி. உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படையில் பூக் கொடு, செத்தவருக்கு இரட்டைப்படையில் வை. வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கை குலுக்காதே. தெருவில் எதிரே வருகிறவர் சிரிக்கவில்லையென்றால் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. யாராவது முகம் வாடியிருந்தால் அவராகச் சொல்லும்வரை தோண்டிக் கேட்காதே. படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சலே.

அந்த வகுப்புக்கு வந்தவர்தான் மால்ஹாஸ். ஜார்ஜியாக்காரர், பிரசவ மருத்துவர், நாற்பது வயதிருக்கும். எங்கள் பழைய டாக்டரம்மா ஓய்வு பெற்ற பிறகு பிரசவப் பகுதியை மூடிவிடுவார்கள் என்று பேச்சாகிக் கிடந்த சமயத்தில் வந்து சேர்ந்தார். ஒரு வருட ஒப்பந்தம். ஜூன் முதல் தேதிக்குள் மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருடம். போடாவிட்டால் மருத்துவர் இல்லை, மருத்துவர் இல்லாவிட்டால் பிரசவப் பகுதியும் இல்லை. எழுபது கிலோமீட்டர் காட்டு வழியில் வல்மியரா நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். இது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஆள் பெரிய உருவம், பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். வந்த புதிதில் நடைபாதையில் பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்தி வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரிப்பார். பெண்கள் மிரண்டுபோய் என் சன்னலில் வந்து, அந்த டாக்டருக்கு நம் வீட்டுச் சமாச்சாரம் எதற்கு என்று கேட்பார்கள். முதல் வகுப்பிலேயே விஸ்மாவிடம் வம்பு. நாட்டின் மிக உயரமான மலை முன்னூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்று அவள் சொல்ல, காகசஸ் மலைக்காரர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

"இதையா மலைங்கறீங்க டீச்சர்? எங்க ஊர்ல இதுக்குப் பேரு வாசப்படி" என்றாராம்.

விஸ்மா இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிப் பொருமினாள். மூன்றாவது நாள் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர்தான் அவளுடைய செல்ல மாணவர். எங்கள் மொழியைக் கஷ்டப்பட்டுக் கற்றார். புத்தகத்தை வரி விடாமல் படித்தார், படித்தபடியே நடந்தார். பனி உருகுவதற்குள் ஆள் மாறிவிட்டார். நடைபாதையில் யாரையும் நிறுத்துவதில்லை. தலையை லேசாக அசைத்துவிட்டுப் போவார். நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். எங்கள் புத்தியை என்னவென்று சொல்ல.

விஸ்மாவுக்கு அவர் வேண்டியவரானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சனிதாவுக்கு முப்பத்து நாலு வயது. அதற்குமுன் இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. இது மூன்றாவது. ஆகஸ்டில் நாள். மால்ஹாஸ் அவளை வாரம் ஒரு தடவை வரச்சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவைத்து அனுப்புவார். அவர் இருந்தால் பயமில்லை என்று சனிதா என் சன்னலுக்கு முன்னால் நின்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவர் விஸ்மாவிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறார். அவருக்கு மனைவி இல்லை, இறந்து நாலு வருடம். ஏழு வயதில் தமூனா என்று ஒரு மகள், ஜார்ஜியாவில் குதாய்சி நகரத்தில் அக்காவிடம் வளர்கிறாள். கையெழுத்துப் போட்டால் பிள்ளையை இங்கே கூட்டிவர வேண்டும். ஆஸ்பத்திரியில் எல்லோரும் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் பத்து மாதத்தில் ஒருவர்கூட வீட்டுக் கதவைத் தட்டியதில்லை, அப்படி ஓர் ஊருக்கு ஒரு குழந்தையை எப்படிக் கூட்டிவருவது என்று கேட்டிருக்கிறார். "எனக்குன்னு இங்க மனுஷங்க இருக்காங்களா இல்லையான்னு எதை வெச்சு டீச்சர் தெரிஞ்சுக்கிறது? அது உங்க புத்தகத்துல இல்லையே."

விஸ்மா அதற்குச் சொன்ன பதிலை என்னிடம் பிறகு எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறாள். உங்கள் பெயர் நாள் வரட்டும் என்றாளாம். எங்கள் நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே அந்த நாளுக்குரிய பெயர்கள் இருக்கும். மால்ஹாஸ் என்ற பெயர் அதில் ஏது? ஆனால் மே இருபத்திரண்டு, நாட்காட்டியில் இடம்பெறாத பெயர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான நாள். அன்று உங்களுக்கு என்று சொல்லியிருக்கிறாள். "பிறந்தநாளுக்குக் கூப்பிடுவோம். பெயர் நாளுக்குக் கூப்பிடவே மாட்டோம் டாக்டர். கூப்பிட்டா அது பெயர் நாளே இல்லை. மேசையைப் போட்டு வெச்சுட்டு வீட்டுல இருங்க. யாரு தானா வர்றாங்களோ அவங்கதான் உங்க மனுஷங்க."

கேட்டதும் அவர் முகம் மலர்ந்துபோயிற்றாம். இதைவிட நல்ல வழக்கம் உலகத்தில் இல்லை என்றாராம்.

விஸ்மா இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஏனடி மூடி வைத்தாய் என்று பிறகு நான் கத்தியதற்கு, போங்கள் போங்கள் என்று நான் ஆள் பிடித்து அனுப்பினால் அது பெயர் நாளா, ஊராட்சிக் கூட்டமா என்று கேட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் எல்லோரிடமும் எப்போதும் நியாயம் இருக்கும்.

மே இருபத்திரண்டு வியாழக்கிழமை. காலையில் மால்ஹாஸ் பெரிய சாக்லேட் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் சன்னல் வழியாக நீட்டி, இன்றைக்கு எனக்குப் பெயர் நாள் என்றார். வாழ்த்துச் சொன்னேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் வழக்கப்படி சொல்லவும் கூடாது. பரவாயில்லை, நம் ஆளாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, சாயங்காலம் போவது என்று அப்போதே முடிவு செய்தேன். மதியத்துக்குள் சேதி ஊர் முழுக்கப் போய்விட்டது. என் அண்ணன் பேத்தியை அவர்தான் பிரசவம் பார்த்திருந்தார். பேருந்து நிலையத்துப் பக்கம் பூக்கடை வைத்திருக்கும் ஸ்கைட்ரீதேயிடம் மூன்று மஞ்சள் டூலிப் வாங்கினேன். என் வீட்டுக்காரர் ஆல்டிஸ் உருளைக்கிழங்கு நட்ட களைப்பில் படுத்திருந்தார். நீ மட்டும் போய்வா என்றார்.

ஆறு மணிக்கு நல்ல வெயில். அவருடைய வீடு மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. எதிரே தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு லிண்டன் மரம். அங்கே வந்ததும் என் கால் நின்றுவிட்டது. கட்டடத்துக்கு முன்னால் ஒரு சைக்கிள் இல்லை, ஒரு கார் இல்லை. மாடி ஜன்னலிலிருந்து ஒரு பேச்சுக்குரல் இல்லை. யாருமே வரவில்லையா? முதல் ஆளாகப் போனால் என்ன பேசுவது? அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதா? ஒருவேளை அந்த நாளை யாரும் உண்மையான பெயர் நாளாக எடுத்துக்கொள்ளவில்லையோ? எங்கள் ஊரில் அதைக் கொண்டாடி நான் பார்த்ததே இல்லை. இரண்டு பேர் உள்ளே போகட்டும், பின்னாலேயே போய்விடலாம் என்று மரத்தடியில் நின்றேன்.

அப்போது கட்டடத்தின் கதவைத் திறந்துகொண்டு விஸ்மா வெளியே வந்தாள். கையில் வெள்ளை டூலிப். அவள் மேலே அவர் கதவு வரைக்கும் போய் நின்றுவிட்டு வந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறாள். உள்ளே தட்டு வைக்கிற ஓசை மட்டும் கேட்டிருக்கிறது. தனியாக இருக்கிற ஆண் பிள்ளை வீட்டில், புருஷன் இல்லாத பெண் பிள்ளை முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா என்று யோசித்திருக்கிறாள். நாலு பேர் வந்த பிறகு வரலாம் என்று இறங்கிவிட்டாள்.

என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு பூவைப் பக்கவாட்டில் மறைத்தாள். நானும் மறைத்தேன்.

"எங்க மாருதா இந்தப் பக்கம்?"

"மாமியாரைப் பார்க்கப் போறேன். நீ?"

"கல்லறைக்கு."

என் மாமியார் வீடு ஊருக்கு அந்தக் கோடியில். அது அவளுக்குத் தெரியும். அவள் கையில் இருந்தது ஐந்து பூ, நான் எண்ணிவிட்டேன். ஐந்து பூவை எவளும் கல்லறைக்கு எடுத்துப் போக மாட்டாள். அவள் என்னுடைய மூன்றை எண்ணினாள். இருவருக்கும் எல்லாம் தெரிந்தது. ஆனாலும், இந்த வருடம் மறுபடி பனி விழுந்தால் வெள்ளரி நாற்று தாங்குமா என்று பத்து நிமிடம் பேசினோம். வாடி, ரெண்டு பேரும் மேலே போகலாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் மாமியார் கதை பொய் என்றாகிவிடும். அந்த அற்ப வெட்கத்துக்காக, இருவரும் சேர்ந்தே பாலம் வரைக்கும் நடந்து போனோம். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற நான் நிஜமாகவே மாமியார் வீட்டுக்குப் போனேன். கிழவி பூவைப் பார்த்துவிட்டு, என்னடி திடீர்னு கரிசனம், யாராவது போய்ச் சேர்ந்துட்டாங்களா என்று கேட்டாள். விஸ்மா கல்லறைக்கே போய், ஐந்தில் ஒன்றை எடுத்துவிட்டு நாலை அவள் அம்மாவின் கல்லில் வைத்துவிட்டு வந்தாளாம்.

மறுநாள் காலை மருத்துவமனைப் பணியாளர் அறையில் மேசை கொள்ளாமல் பலகாரம். கத்திரிக்காயை வறுத்து அக்ரூட் விழுது தடவிச் சுருட்டியது, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி, எங்கள் ஊர் முறைப்படி பெரிய வளையமாகச் செய்த குங்குமப்பூ இனிப்பு ரொட்டி. அதில் ஒரு துண்டுகூட வெட்டப்படவில்லை. மால்ஹாஸ் எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னார். கொஞ்சம் அதிகமாகச் செய்துவிட்டேன், சாப்பிடுங்கள் என்றார். அதைச் சொல்லிவிட்டுப் பிரசவப் பகுதிக்குப் போய்விட்டார்.

தலைமைத் தாதி அவுஸ்த்ரா கையில் எடுத்த தட்டை அப்படியே கீழே வைத்தாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் ஒரு கத்திரிக்காய்ச் சுருளை வாயில் போட்டேன். அவ்வளவு ருசியான ஒன்றை என் ஜென்மத்தில் தின்றதில்லை. அன்றைக்கே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முகம் வாடிய மனிதரைத் தோண்டிக் கேட்பது எங்களுக்கு வழக்கமில்லையே. கௌரவமாக விட்டுவிட்டோம். வெள்ளி, சனி, ஞாயிறு போயிற்று.

புதன்கிழமை செய்தி வந்தது. மால்ஹாஸ் கையெழுத்துப் போடவில்லை. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊருக்குப் போகிறார்.

அன்று மாலை பூக்கடைக்கு முன்னால் ஸ்கைட்ரீதே என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏன் மாருதா, போன வியாழக்கிழமை டாக்டர் வீட்டுல அப்படி என்னதான் நடந்துச்சு? ஊரே அவருக்குப் பூ வாங்கிட்டுப் போச்சே, என்கிட்ட ஒரு டூலிப் மிஞ்சலை. அப்புறமும் அந்த மனுஷன் ஏன் கோவிச்சுக்கிட்டுப் போறாரு?"

யார் யார் என்று கேட்டேன். விரல் விட்டுச் சொன்னாள்.  அடுத்த இரண்டு நாள் ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்கினேன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற கஸ்பார்ஸ் பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு அந்தத் தெருவை மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறான். வாசலில் வேறு கார் இல்லையென்று திரும்பிவிட்டான். ரொட்டிக்கடைத் தம்பதி கட்டடத்துக் கதவு வரை போயிருக்கிறார்கள். அவுஸ்த்ரா தெருமுனையில் வரும்போது, விஸ்மாவும் நானும் பூவோடு திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறாள். இவர்களே திரும்பிப் போகிறார்களென்றால் ஆள் வீட்டில் இல்லை என்று நினைத்து அவளும் போய்விட்டாள். அவளைப் பார்த்து அவள் பின்னால் வந்தவர்கள் போய்விட்டார்கள்.

விஸ்மாவிடம் போய்ச் சொன்னேன். அப்போதுதான் அவள் மார்ச் மாதப் பேச்சை என்னிடம் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், ஊரைத் திட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து கோட்டை எடுத்தாள்.

"போய்ச் சொல்லணும் மாருதா. எல்லாரும் வந்தோம்னு அவருக்குத் தெரியணும்."

"என்னன்னு சொல்லுவே? வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டோம்னா?"

"ஆமா. அதைத்தான் சொல்லணும்."

சனிக்கிழமை காலை, அதாவது மாதத்தின் கடைசி நாள், போனோம். அவர் கதவைத் திறந்தார். கூடத்தில் இரண்டு பெட்டி கட்டி நின்றது. வாசற்படியில் கை கொடுக்காமல், நாங்கள் உள்ளே வந்த பிறகு கை கொடுத்தார். உட்காரவைத்துத் தேநீர் போட்டார். மேசையைச் சுற்றி நாற்காலிகள் அப்போதும் நெருக்கமாகப் போட்டபடி இருந்தன. பக்கத்து வீட்டில் எதுவும் இரவல் வாங்கத் தெரியாத மனிதர், ஆஸ்பத்திரிக் கிடங்கிலிருந்து முக்காலிகளைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். பன்னிரண்டு இடம் இருந்தது.

விஸ்மா சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, ஒருவர் விடாமல் பெயர் சொன்னாள். யார் எதுவரை வந்தார்கள், எதனால் திரும்பினார்கள் என்று சொன்னாள். கடைசியில் தான் அவர் கதவில் காதை வைத்து நின்றதையும் சொன்னாள். அவர் தேநீர்க் கோப்பையைத் திருப்பியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் டீச்சர். அன்னைக்குச் சாயங்காலம் முழுக்க நான் ஜன்னல்கிட்டதான் நின்னேன். எல்லாரையும் பார்த்தேன். நீங்க ரெண்டு பேரும் மரத்தடியில நின்னு பேசினதையும் பார்த்தேன்."

 விஸ்மா நிமிர்ந்தாள்.

"அப்ப ஏன் கூப்பிடலை? ஜன்னலைத் திறந்து ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்போமே டாக்டர்."

"கூப்பிட்டா அது பெயர் நாளே இல்லைன்னு சொன்னீங்க. ஜன்னல் கொக்கி வரைக்கும் கை போச்சு. திறக்கலை." கோப்பையைக் கீழே வைத்தார். "கூப்பிட்டு நீங்க வந்திருந்தா, மனசார வந்தீங்களான்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது."

அது விஸ்மாவின் பாடம். அவளே சொல்லிக்கொடுத்தது. ஆனால் அவள் செய்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அறுபது வருடத்தில் யாரையும் ஒரு வாய்க் காப்பிக்குக்கூட வற்புறுத்தாதவள், மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பக் கூப்பிடறேன். போகாதீங்க. அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. பள்ளிக்கூடம் விட்டா என் வீட்டுக்கு வரட்டும், நான் பார்த்துக்கறேன். தினமும் நானே வந்து உங்க கதவைத் தட்டறேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"திங்கட்கிழமைதான் அவங்களுக்கு வாக்குக் குடுத்தேன் டீச்சர். அதுக்கு முன்னாடி மூணு நாள் இருந்துச்சு. ஆஸ்பத்திரியில யாராவது, நேத்து எப்படிப் போச்சுன்னு ஒரு வார்த்தை கேப்பாங்களான்னு பார்த்தேன். பிள்ளைக்கும் சொல்லியாச்சு. அங்க என் சித்தப்பா மகன் குடும்பம் இருக்கு."

சனிதாவைப் பற்றி எழுதி வைத்த காகிதங்களை எடுத்து விஸ்மாவிடம் கொடுத்தார். இரத்த அழுத்தம் எவ்வளவு, எதைச் சாப்பிடலாம், எது நேர்ந்தால் உடனே கிளம்ப வேண்டும் என்று எங்கள் மொழியில், தப்பும் தவறுமாக, நாலு பக்கம் எழுதியிருந்தார். கீழே கதவு வரை வந்து வழியனுப்பினார்.

ஜூலையில் பிரசவப் பகுதியை மூடினார்கள். சனிதாவிடம் விஸ்மா எதையும் சொல்லவில்லை. டாக்டருக்குச் சொந்த ஜனங்களின் ஏக்கம் என்று ஊரில் பேசிக்கொண்டதையே மகளும் நம்பிக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் பத்தாம் தேதி காலையில், நாளுக்கு முன்பாகவே, அவளுக்கு வலி எடுத்தது. அவள் புருஷன் வேலைக்கு வெளியூர் போயிருந்தான். ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது. ஆல்டிஸ்தான் எங்கள் காரை எடுத்தார். பதற வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழந்தை வல்மியராவில் நல்லபடியாகப் பிறந்தது, இப்போது ஓடி விளையாடுகிறது. ஆனால் அந்த எழுபது கிலோமீட்டர் எங்களுக்குத்தான் தெரியும். இரண்டு பக்கமும் பைன் காடு, ஆள் நடமாட்டமில்லாத சாலை. நான் முன்னால், விஸ்மா மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால்.

பாதி வழியில் சனிதா விஸ்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த டாக்டர் இருந்தா எனக்கு இந்தப் பயம் இருக்காதும்மா. நம்ம ஊர் அவருக்கு ஏன்மா பிடிக்காமப் போச்சு?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏதாவது சமாதானம் சொல்வாள், சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் சொன்னால் தப்பில்லை.

"பிடிச்சுதான் இருந்துச்சு" என்றாள் விஸ்மா. "எங்களுக்கும் அவரைப் பிடிச்சிருந்துச்சு. நான் அவரு கதவு வரைக்கும் போனேன் சனிதா. தட்டலை."

ஆல்டிஸ் வண்டியை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.